மாமன் ஏன் இளநீர் குடிக்கவில்லை?

போன மாதம் நான் ஒரே ஒரு இளநீரை வேண்டாம் என்றேன். அவ்வளவுதான். அதற்கு ஒரு ஊரே திரண்டு வந்து என்னைச் சமாதானப்படுத்தியது.

பெரிய வி.ஐ.பி. என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு நான் தாய்மாமன். எங்கள் மதுரைப் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு — வி.ஐ.பி. கோபித்துக்கொண்டு போனாலும் விசேஷம் நடந்துவிடும்!

என் தங்கை செல்விக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள் மீனா. எத்தனை டாக்டர், எத்தனை கோயில், 'விசேஷம் உண்டா' என்று கேட்டவர்கள் எத்தனை பேர்... அதெல்லாம் போகட்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கிற அவர்கள் குலசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். காது குத்தும்போது மீனாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியவன் நான். அதற்காக நானும்தான் அத்தனை வருஷம் காத்திருந்தேன். சொல்வதற்கு என்ன வெட்கம்... அழைப்பிதழில் 'தாய்மாமன்' என்று என் பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

விசேஷத்துக்குச் சில நாள் முன்னால்தான், கே.கே. நகரில் எங்கள் தெருவிலேயே கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா என் பிரஷர் மாத்திரையை மாற்றினார். பழைய மாத்திரைக்கு என் பிரஷர் அடங்குவதாக இல்லை. புதியது, இரண்டு மருந்தைச் சேர்த்துச் செய்த ஒரே மாத்திரை.

"ரெண்டுமே உடம்புல இருக்கிற அதிகப்படி உப்பையும் தண்ணியையும் யூரின்ல வெளியேத்தும். ஒண்ணு, பொட்டாசியத்தையும் கூடவே இழுத்துட்டுப் போயிரும். இன்னொண்ணு, அதைப் போகவிடாம பிடிச்சு வைக்கும்" என்றார்.

"நல்லதுதானே டாக்டர்?"

"நல்லதுதான். ஆனா பொட்டாசியம் அளவுக்கு மீறிச் சேர்ந்துட்டா இதயத் துடிப்பே தடுமாறும். ரத்த டெஸ்ட் எடுத்துப் பாக்குற வரைக்கும் இளநி பக்கமே போகாதீங்க. சோடியம் கம்மின்னு கடையில ஒரு உப்பு விக்கிறாங்க... அதுவும் வேணாம். சோடியத்துக்குப் பதிலா அதுல பொட்டாசியம்தான் இருக்கும். முழங்கால் வலிக்குதுன்னு நீங்களா வலி மாத்திரை வாங்கிப் போடக்கூடாது."

தண்ணீரைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். முறைத்தார். மதுரை வெயிலில் தண்ணீரையும் குறைத்து, தண்ணீரை வெளியேற்றுகிற மாத்திரையையும் போட்டால் மயங்கி விழவேண்டியதுதானாம். வழக்கம்போல் குடிக்கணும். காலையில் சாப்பிட்டதும் மாத்திரையைப் போட்டுவிட்டால் ராத்திரித் தூக்கம் கெடாது. உட்கார்ந்து எழும்போது மெதுவாக எழணும். வாந்தி, பேதி என்றால் உடனே போன் பண்ணணும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தங்கச்சியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும்? எனக்கு ஜலதோஷம் என்றாலே பஸ் ஏறி வந்து நிற்கிற ஆள் அவள். விசேஷம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் எனக்கே ஒரு சபலம். சீரோடு ஊர்வலம் போகணும். மேளத்துக்கு நடுவில் ஒதுங்க இடம் தேடிக்கொண்டிருக்க முடியுமா? "ஒரு நாள் மாத்திரை போடாட்டி என்ன?" என்றேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக, நான் விழுங்குகிற வரை எதிரே நின்றாள். கல்யாணமான ஆண்களுக்கு இந்த மௌனத்தைப் பற்றி விளக்கவேண்டியதில்லை.

வேனில் போய் இறங்கினோம். சீர்த்தட்டு, வாழைத்தார், பட்டுப்பாவாடை, தங்கத்தோடு, வெடி, மேளம்... வாசலில் ஃபிளெக்ஸ் பேனர். அதில் நான், எப்போதோ கொடைக்கானலில் எடுத்த கூலிங்கிளாஸ் போட்டோவில்! மாலை போட்டார்கள். தங்கையின் கணவர் சந்தனம் பூசினார். அப்புறம் தங்கையின் மாமனார் வந்தார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒரு செவ்விளநீர்.

"நம்ம தோப்பு இளநி மாப்ள. உங்களுக்குன்னே காலையில எறக்கச் சொன்னேன். குடிங்க."

"வேணாம் மாமா."

அத்தோடு நிறுத்தியதுதான் தப்பு. ஆனால் சுற்றிலும் பெண்கள், பிள்ளைகள், மேளக்காரர்கள். அவ்வளவு பேர் நடுவில் 'எனக்கு யூரின் போகிற மாத்திரை' என்று ஆரம்பிக்க நாக்கு வரவில்லை. சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்பும் சரியாக வரவில்லை போலிருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லணும். எங்கள் பக்கத்து விசேஷத்தில், குடிக்கக் கொடுத்ததைத் தாய்மாமன் மறுத்தால் அதற்கு உடம்பு காரணமாக இருக்கவே முடியாது. ஒரே அர்த்தம்தான் — மாமன் கோபித்துக்கொண்டார்!

செய்தி பந்தல் முழுக்கப் பரவியது. மேளம் நின்றது. ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

"பேனர்ல மாமன் போட்டோவக் கொண்டுபோய் ஓரத்துல போட்டா கோவம் வராதா?"

"மாலை சின்னதுப்பா. நான் அப்பவே சொன்னேன்."

"வெடிய எம்புட்டு நேரம் கழிச்சுப் போட்டாய்ங்க..."

பேனர் வேலையைக் கவனித்த தங்கை கணவரின் தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேற பேனர் இப்பவே அடிச்சிருவோம் மச்சான். உங்க படம் மட்டுந்தான்!" எனக்குச் சிரிப்பும் வந்தது, வியர்வையும் வந்தது. கோபமே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, கோபம் ஏறுவதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மனைவியைத் தேடினால், அவள் தூரத்தில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே சீர்த்தட்டு பரப்பிக்கொண்டிருந்தாள்.

காது குத்துகிற ஆசாரி ஊசியும் கையுமாக உட்கார்ந்து, "நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு" என்றார். மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது?

அப்போதுதான் செல்வி வந்தாள். இடுப்பில் மீனா, காலையிலேயே மொட்டை போட்ட தலை நிறையச் சந்தனம். தங்கச்சி முகத்தைப் பார்த்தேன். குழந்தை இல்லாத வருஷங்களில் பார்த்த அதே முகம்.

"என்ன குறை வச்சோம்ணே? இன்னிக்கின்னு பாத்து நீ கோவிச்சுக்கிட்டா நான் எங்கிட்டுப் போவேன்?"

அதற்கு மேல் என்ன கௌரவம் வேண்டிக் கிடக்கிறது?

"ஏ செல்வி! கோவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பிரஷருக்கு மாத்திரை மாத்தியிருக்காங்க. தண்ணி பிரியுற மாத்திரை. டெஸ்ட் எடுக்குற வரைக்கும் இளநி குடிக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க!"

மேளம்தான் நின்றுபோயிருந்ததே... பந்தி நடக்கிற இடம் வரைக்கும் கேட்டுவிட்டது.

பிறகு தங்கையின் மாமனார் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "அட, இம்புட்டுத்தானா மாப்ள? நானும் பிரஷர்காரன்தான்!" அவரைப் பார்த்து இன்னொருவர் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தார். ஓர் அத்தை சுருக்குப் பையிலிருந்து எடுத்தார். பந்தலில் பாதிப் பேர் நம்ம கட்சி! யாரும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... இத்தனை வருஷச் சொந்தம் அன்றைக்குத்தான் நெருங்கிய சொந்தமான மாதிரி இருந்தது.

கூடவே இலவச வைத்தியமும் ஆரம்பமாகிவிட்டது. "நானும் தண்ணி மாத்திரைதான். டெய்லி இளநி குடிக்கிறேன், கல்லு மாதிரி இருக்கேன். சும்மா குடிங்க" என்றார் ஒருவர். "இன்னிக்குக் குடிச்சுட்டு நாளைக்கு மாத்திரைய விட்டுட்டா சரியாப் போச்சு" என்றார் இன்னொருவர். டாக்டரம்மாவிடம் கேட்டதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். எல்லாத் தண்ணி மாத்திரையும் ஒன்றில்லை. சிலது பொட்டாசியத்தை வெளியே தள்ளும், சிலது பிடித்து வைக்கும். அவருக்கு எழுதியது அவருக்கு, எனக்கு எழுதியது எனக்கு. விடுவதோ மாற்றுவதோ நம் இஷ்டத்துக்குச் செய்கிற காரியமில்லை. தங்கையின் மாமனார் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னுது எந்த வகைன்னு நானும் டாக்டர்கிட்ட கேட்டுர்றேன்" என்று பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பிறகு அவரே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "இதுக்குத் தடை இல்லையே?"

இல்லை. வாங்கி அண்ணாந்து குடித்தேன். மாமன் குடித்துவிட்டார் என்று கண்டதும் மேளக்காரர்கள் பிய்த்து உதறினார்கள் பாருங்கள்! பச்சைத் தண்ணீர் குடித்ததற்காகக் கொட்டுமேளம் வாங்கிய ஆள் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா? யாரோ வெடி வேறு போட்டார்கள்.

எல்லோருக்கும் நிம்மதி. ஒருத்தியைத் தவிர.

"டாக்டருக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும். எனக்குச் சொல்லணும்னு உனக்குத் தோணலையாண்ணே?" செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போதுதான் அந்தப் பந்தலில் ஒருவர் உண்மையிலேயே கோபித்துக்கொண்டிருந்தார். சமாதானப்படுத்த வேண்டிய ஆள் நான்.

"இனிமே தும்முனாக்கூட உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் தும்முவேன் தாயி" என்றேன்.

அழுதுகொண்டே சிரித்தாள். மீனாவை என் மடியில் வைத்தாள். அந்தக் கனம்... எழுதத் தெரியவில்லை.

ஆசாரிக்கு ஒரு நொடிதான். மீனா போட்ட சத்தத்தில் மேளம் தோற்றது. அழுகைக்கு நடுவில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள் — அசைய விடாமல் பிடித்தது இந்த ஆள்தானே என்று. அதற்குப் பிறகு எவ்வளவு கொஞ்சியும் என்னிடம் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போதும் முகம் கொடுக்கவில்லை.

ரத்த டெஸ்ட்டுக்கு நாள் வந்தது. கொடுத்த வாக்குப்படி செல்விக்குச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டாள். எனக்கு ஊசி என்றால் உதறல் எடுக்கும். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஊசி இறங்கியது. "ஐயோ!" என்று கத்தியே விட்டேன்.

களுக்கென்று ஒரு சிரிப்பு. கண்ணைத் திறந்தால் மீனா. கை தட்டித் தட்டிச் சிரித்தாள். அப்புறம் அம்மா இடுப்பிலிருந்து இரண்டு கையையும் நீட்டி என்னிடம் தாவினாள்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பொட்டாசியம், கிட்னி எல்லாம் நார்மல். மாமனும் மருமகளும் காலையிலேயே நார்மல்!