தலைக்கு ஏழு கிலோ

காரைக்குடிக்கு அருகே ஒரு பழைய ஓடுதளத்தில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, சமூகப்பணியில் பட்டம் பெற்றவளுக்கு அங்கே என்ன வேலை என்று பலரும் கேட்டார்கள். தினமும் தங்கள் தலைக்கு மேல் பறக்கும் விமானத்தில் சுற்றுவட்டாரத்து மக்களும் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மணி நேரப் பயணம் ஒன்றை நிறுவனம் தொடங்கியிருந்தது. பயணிகளைப் பதிவுசெய்வதும், எடைகளைக் குறித்துச் சுமைத்தாளை நிரப்பி விமானியிடம் கொடுப்பதும் என் பொறுப்பு.

நான்கு இருக்கைகள் இருப்பதனாலேயே ஒரு விமானத்தில் நான்கு பேர் ஏறிவிட முடியாது என்பது நான் அங்கே கற்ற முதல் பாடம். விமானி, எரிபொருள் எல்லாம் போக, பயணிகளுக்கும் அவர்களுடைய பொருள்களுக்குமாக வழக்கமாக மிஞ்சுவது இருநூற்றுப் பத்து கிலோ. அதையும் நினைத்த இடத்தில் வைக்க இயலாது. பின்பக்கம் பாரம் கூடிப்போனால் மூக்கு நிமிர்ந்துகொள்ளும். பிறகு விமானி சொன்னபடி அது கேட்காது.

ஒரு ஞாயிறு மாலை, அன்றைய கடைசிப் பயணத்துக்கு நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. துபாயில் வேலை பார்க்கும் கணவர், மனைவி, மனைவி அத்தா என்று அழைக்கும் அவருடைய தந்தை. ஒன்பது வருடங்களாக அந்தப் பெண் மதுரை விமான நிலையத்துக் கண்ணாடிச் சுவர்வரை சென்று கணவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பியவர். இந்த விடுமுறையில் உன்னோடு சேர்ந்து பறப்பேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். விடுமுறையில் இரண்டு நாள்தான் மிச்சம்.

தொலைபேசியில் அவர்கள் சொன்ன எடைகள் அறுபத்தெட்டு, ஐம்பத்தெட்டு, எண்பது. கூட்டினால் வரம்புக்குள் அடங்கியது. அதை நம்பி மூவருக்கும் இடம் ஒதுக்கியது என் தவறு. எங்கள் ஊர்ப்பக்கம் எடையைக் கேட்டால், பெரும்பாலும் கல்யாணத்தின்போது இருந்த எடையைத்தான் சொல்வார்கள். தராசு எழுபத்து நான்கு, அறுபத்து மூன்று, நூற்று நான்கு என்றது.

“மெஷினு சரியில்லைம்மா,” என்றார் பெரியவர். “அரிசிக் கடை வச்சிருக்கேன். எனக்குத் தெரியாத தராசா?”

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறி நின்றார். முள் அதே நூற்று நான்கில் வந்து நின்றது.

அப்போதுதான் மூன்று பைகளைக் கவனித்தேன். ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். ஏழு, ஏழு, ஏழு. ஒரு குண்டுமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“பிளைட்டுல ஹேண்ட் பேக் தலைக்கு ஏழு கிலோ உண்டுல்ல?” என்றார் அந்தப் பெண். “வீட்ல கொக்கித் தராசுல நிறுத்துத்தான் கட்டுனேன்.”

“கால் மணி நேரத்துக்கு எதுக்குங்க இவ்வளவு?”

“ஏழு விட்டா ஏழையும் கொண்டுபோகணும்ல. விட்டுட்டுப் போனா நட்டந்தானே?”

ஒன்பது வருடங்களாகக் கணவரின் பெட்டியைக் கிராம் கணக்கில் நிரப்பிய கை அது. உள்ளே முறுக்கும் தண்ணீர் பாட்டில்களும் பேரீச்சம்பழமும், அத்தாவுக்கு ஒரு மாற்றுக் கைலியும் இருந்தன.

பைகளை இறக்கினாலும் முப்பத்தொரு கிலோ அதிகம் என்று சொன்னேன். கணவர் உடனே சட்டைப்பையில் கைவிட்டார். “எக்ஸ்ட்ரா லக்கேஜுக்கு எவ்வளவு மேடம்? கட்டிடுறேன்.”

“நீங்க கட்டலாம் சார். இறக்கை கணக்குல வச்சுக்காது.”

எரிபொருளைக் குறைக்க முடியுமா என்று விமானியிடம் கேட்டேன். கையிருப்பாக இருக்க வேண்டியதில் ஒரு சொட்டும் எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். இருட்டுவதற்குள் விமானம் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு நடை போக நேரமில்லை. வந்தவர்களை வருத்தப்படுத்தக் கூடாது என்று படித்தவள் நான். ஆனால் அந்தத் தாளில் இரக்கப்பட்டு ஒரு எண்ணை மாற்றி எழுதினால், அதன் விலையை ஓடுதளத்தின் கடைசியில் அவர்கள்தாம் கொடுப்பார்கள். ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றேன்.

அந்தப் பெண் சுமைத்தாளைக் கேட்டு வாங்கினார். விரல்விட்டுக் கூட்டினார்.

“அத்தா, நீங்க இறங்கிட்டா சரியாயிரும்.”

“பெத்த அப்பனைக் கழிச்சாத்தான் கணக்கு நேராகுதா?” பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். “கேட்டீகளா மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை சிரிப்பை மறைக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது.

அந்தப் பெண் இன்னொருமுறை கூட்டிப் பார்த்தார். “அத்தா இல்லைன்னா இந்தப் பை மூணும் ஏறலாம்ல மேடம்?”

“ஏறலாம்,” என்றேன். கணக்கு அப்படித்தான் இருந்தது.

“ஏண்டி, நான் கீழ நிக்க, முறுக்கு மேல பறக்குமா?” என்று பெரியவர் பைகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “இங்குட்டு வை. நான் பாத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

அடுத்து இருக்கை. மாப்பிள்ளை முன்னால் உட்காருவதுதான் மரியாதை என்றார் பெரியவர். மகளோ பக்கத்தில் உட்காரத்தானே இத்தனை பாடு என்றார். எடை முன்னும் பின்னும் எப்படி விழுகிறது என்று கோட்டுப்படத்தில் குறித்துப் பார்த்தேன். இருவரும் பின்னால் அமர்ந்தாலும் புள்ளி எல்லைக்குள்ளேயே இருந்தது. விமானியும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்.

விமானம் எழும்பிக் குன்றக்குடிப் பக்கம் திரும்பியபோது, பெரியவர் ஒரு பையைப் பிரித்து எனக்கும் முறுக்கு நீட்டினார். “தின்னும்மா. எப்படியும் எடையைக் குறைக்கணும்ல,” என்றார்.

திரும்பி வந்த மகள் கணவரின் கையைப் பிடித்தபடியே இறங்கினார். பிறகு அத்தாவைப் பார்த்தார்.

“ஒவ்வொரு தடவையும் இவுக மேல இருந்து கை காட்டுனேம்பாக. கீழ நிக்கிற ஆளு தெரியுமான்னு எனக்குச் சந்தேகம். இன்னிக்குத் தெரிஞ்சுச்சு. ரன்வே ஓரத்துல நீங்க நல்லாவே தெரிஞ்சீக அத்தா, கையில முறுக்கோட.”

“நூத்தி நாலு கிலோல்ல,” என்றார் பெரியவர். “தெரியாம இருக்குமா?”

மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பிப் போன மறுநாள் பெரியவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அடுத்த ஞாயிறு காலையில் ஒரு இடம், முன்னிருக்கை வேண்டும் என்றார். எடை கேட்டேன்.

“நேத்து ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு. நூத்தஞ்சுன்னே போட்டுக்கம்மா. பை கிடையாது.”