நான்கு பேருக்கு ஒரு ஜாக்கெட்

நீச்சல் தெரியாத ஒருவருக்காக வாங்கி வைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டை நான் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்த ஒருவர் என் அப்பா. அது அவருக்காக வாங்கியது என்று என்னிடம் சொல்லாமல் விட்டவர்கள் மூன்று பேர்: அம்மா, மாமா, அப்பா.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா இரண்டு வருடம் கடலுக்குப் போய்த் திரும்பி, இப்போது பாரிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பம்பு, லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். அவர் நன்றாக இருப்பதால்தான் என்னால் கோபப்பட முடிகிறது. வேறு மாதிரி ஆகியிருந்தால் கோபத்துக்கே இடம் இருந்திருக்காது.

குடும்பத்தில் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் மாமா ஆரம்பித்துவிடுவார்: "இவ இன்னா பண்ணா தெரியுமா? அப்பனுக்கு வாங்குன ஜாக்கெட்ட எத்தினு போயி டயர் மாதிரி ஒண்ண வாங்கினு வந்துட்டா!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். போன மாதம் என் நிச்சயதார்த்தத்திலும் சொன்னார்கள். அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் மேனாம்பேட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு சிறிய லேத் பட்டறையில் வேலை. அம்மா எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவள். அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா, அங்கேயே மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவர் சொந்தமாக ஒரு ஃபைபர் போட் வாங்கினார். மேலே கூரை கிடையாது, பின்னால் எஞ்சின், நான்கு பேர் போகலாம். சாயங்காலம் போய் வலை விட்டு மறுநாள் காலை திரும்புகிற தொழில்.

அதே வருடம் அப்பாவின் பட்டறையை மூடிவிட்டார்கள். இது எனக்குத் தெரியாது. அப்பா தினமும் யூனிஃபார்ம் சட்டையோடும் டிபன் பாக்ஸோடும் கிளம்பிக்கொண்டுதான் இருந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை இல்லை. உள்ளங்கைகளில் மட்டும் எதுவோ அறுத்த மாதிரி சிவப்புக் கோடுகள். கேட்டால், "புது மெஷினும்மா, பழகணும்" என்பார். மாமாவின் படகில் நான்காவது ஆளாகப் போவதற்குக் கயிறு இழுத்துப் பழகிக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

படகு வந்துவிட்டது, அதற்குள் வைக்க வேண்டிய சாமான்கள்தான் பாக்கி. எஸ்டேட்டில் தொழிற்சாலைகளுக்கு ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் விற்கிற ஒரு கடை இருந்தது. டார்ச்சும் கயிறும் அங்கே உறுதியானதாகக் கிடைக்கும் என்று அப்பா சொல்ல, ஒரு சனிக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் பட்டியல் எழுதுகிற வேலை எனக்கு.

நான் சும்மா எழுதுகிறவள் இல்லை. ஒரு வாரம் முன்பே பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில், திறந்த மீன்பிடிப் படகுக்கு என்னென்ன வேண்டும் என்று தேடி, ஏதோ ஒரு வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து பதினெட்டுப் பொருள்களை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பெருமையாக வாசித்தேன். தூண்டில் கம்பைச் செருகி வைக்கிற தாங்கி. மெத்தை வைத்த மடக்கு நாற்காலி. கோப்பை நிறுத்தி வைக்கிற வளையம்.

"கப்பு வெக்கிறதுக்கு ஒரு சாமானா?" மாமாவுக்குப் புரையேறிவிட்டது. "இன்னா பாப்பா, நடுக்கடல்ல டீக்கடை போடப் போறமா? மச்சான், பஜ்ஜி சட்டி ஒண்ணு சேத்துக்கலாமா?"

அப்பாவும் சிரித்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தேன். பதினெட்டில் ஏழு மிஞ்சியது. தண்ணீர் புகாத டார்ச். விசில். செல்போனும் தீப்பெட்டியும் நனையாமல் வைக்க மூடி போட்ட டப்பா. நங்கூரத்துக்குக் கயிறு. உள்ளே வரும் தண்ணீரை இறைத்துக் கொட்ட வாளி. கூடுதலாக ஒரு ஸ்பார்க் பிளக். முதலுதவிப் பெட்டி. எட்டாவதாக மாமா தன் பங்குக்கு ஸ்பீக்கர் வைத்த ரேடியோவைச் சேர்த்தார். பேனாவை மூடப்போகும்போது அவர் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு லைஃப் ஜாக்கெட்டு எய்திக்க. ஒண்ணு போதும்."

"போட்ல நாலு பேரு. ஒண்ணு எப்படிப் போதும்?"

"எங்களுக்கு இன்னாத்துக்கு அது? நாங்கல்லாம் தண்ணிலயே பொறந்து வளந்தவங்கோ."

"அப்போ அந்த ஒண்ணு யாருக்கு?"

மாமா அடுப்படிப் பக்கம் திரும்பினார். அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள்: "கேள்வி கேக்காம எழுதுடி."

அது முதல் முறை. இரண்டாம் முறை கடையில் கேட்டேன். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார் கடைக்காரர். மாமா அதை வாங்கி அப்பாவிடம் கொடுத்தார். "நீ போட்டுப் பாரு மச்சான். எனுக்குக் கூச்சமா கீது." அப்பா போட்டுக்கொண்டு, வாரை இழுத்து மாட்டி, கண்ணாடி இல்லாததால் கடையின் இரும்பு பீரோ முன்னால் நின்று பார்த்துக்கொண்டார். அவருக்குச் சரியாக இருந்தது. மாமா ஒல்லி. "இது மாமாவுக்கு லூஸா இருக்குமே" என்றேன். "வாரு இருக்குல்ல பாப்பா, இஸ்து கட்டிக்கலாம்" என்றார் மாமா. கடைக்காரர் பில் போட ஆரம்பித்துவிட்டார்.

சாமான்களை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு மாமா ஊருக்குப் போனார். படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். அந்த ஒரு வாரமும் கட்டிலுக்கடியில் இருந்த சாமான்களைத் தினமும் எடுத்துப் பட்டியலோடு சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தின, ஜாக்கெட் மட்டும் பொருந்தவில்லை. நான்கு பேர் தண்ணீரில் விழுந்தால் மூன்று பேர் என்ன செய்வார்கள்? ஒன்று நான்கு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கவே கூடாது.

மூன்றாம் முறை அப்பாவையே கேட்டேன். அவர் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அது சும்மாம்மா. கரையில அதிகாரிங்க செக் பண்ணுவாங்க. கண்ணுல காட்ட ஏதாவது ஒண்ணு இருக்கணும், அவ்ளோதான்."

கண்ணில் காட்டுவதற்கு. இந்தப் பதிலைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒரு பொருள் எதற்கு என்று கேட்ட பிள்ளையிடம் தவறான உபயோகத்தைச் சொன்னார் அப்பா. அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொன்றும் சரியான தர்க்கம். வெறுமே காட்டுவதற்கு என்றால் வேறு எதையும் காட்டலாம். கடையில் ஜாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மிதவை வளையம் தொங்கியதைப் பார்த்திருந்தேன். ஜாக்கெட் ஒருவருக்குத்தான் உதவும். வளையத்தில் கயிறு கட்டி வைத்தால் யார் விழுந்தாலும் தூக்கிப் போடலாம். நான்கு பேருக்கும் பொது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் சைக்கிளில் போனேன். பில்லைக் காட்டினேன். "அப்பா சொன்னாரா?" என்று கடைக்காரர் கேட்டார். "ம்" என்றேன். அந்தக் கதையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். வளையத்தையும், விலை சரியாக வருவதற்காக ஒரு சுற்று மஞ்சள் கயிற்றையும் கொடுத்தார். வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டி வந்தேன். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். கட்டிலுக்கடியில் மற்ற சாமான்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். எல்லோரும் பார்த்துவிட்டு, சரியாக யோசித்திருக்கிறாள் என்று சொல்லப் போகிற அந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

ஞாயிறு மதியம் மாமா ஒரு லோடு ஆட்டோவில் வந்தார். சாமான்களை ஒவ்வொன்றாக இழுத்தவர், வளையம் வந்ததும் நிறுத்தினார். நான் விளக்கினேன். மாமா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அதற்கு முன் என்னை அடித்ததே இல்லை. அன்று அறைந்தாள். காரணம் சொல்லவில்லை. "யாரக் கேட்டுடி மாத்தின? யாரக் கேட்டு?" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரைக் கேட்டேன்? மூன்று பேரையும் கேட்டேன். அவர்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிறு ஆகையால் கடை பூட்டியிருந்தது. அம்மா அடுப்படிக்குள் போனாள், அப்பாவும் மாமாவும் பின்னால் போனார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் குரல்கள் மட்டும் கேட்டன.

"இன்னிக்கு வேணாம்ணே. நாளைக்கு வாங்கினு போவலாம்."

"மொத ஓட்டம் நிக்கக் கூடாது தங்கச்சி. ஆளுங்கல்லாம் கரையில நின்னுக்கினு கீறாங்கோ. நான் பாத்துக்கறேன். தேவைப்பட்டா இடுப்புல கயித்தக் கட்டி வெச்சுக்கறேன்."

வளையத்தைத்தான் இடுப்பில் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. அப்பா மட்டும் வெளியே வந்து என் அருகில் உட்கார்ந்தார். "நீ போட்ட கணக்கு சரிதான் பாப்பா. நாலு பேருன்னா ரிங்குதான் சரி" என்றார். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது உடம்பு எரிகிறது. அந்த நிமிடம்கூட அவரால் சொல்லியிருக்க முடியும். மகள் முன்னால் வேலை இல்லாதவராக நிற்பதைவிட, ஜாக்கெட் இல்லாமல் கடலில் உட்காருவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

எல்லோருமாக ஆட்டோவில் ஏறிக் குப்பத்துக்குப் போனோம். படகு நீலமும் வெள்ளையுமாகப் பளபளத்தது. முனையில் மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். நான் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அடி வாங்கிய வீம்பு இன்னும் இருந்தது. டார்ச், இருக்கிறது. விசில், இருக்கிறது. வாளி, இருக்கிறது. சத்தமாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டேன். வளையம் அப்பாவின் காலுக்குக் கீழே இருந்தது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுவில் இருந்த குறுக்குப் பலகையில் உட்கார்ந்து அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பட்டறை ஆள் அல்லவா, எஞ்சின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஏறியிருக்கிறார் என்று நினைத்தேன். அவரைத் தவிர மாமாவோடு சேர்த்து மூன்று பேர் இருந்தார்கள். நான்காவது ஆளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள் போலும்.

கரையில் நின்றவர்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். எஞ்சின் கிளம்பியது. முதல் அலையில் படகு மூக்கைத் தூக்கியது. அப்பா இன்னும் பலகையிலேயே இருந்தார்.

"அப்பா, இறங்குங்க! போட் கிளம்புது, இறங்குங்கப்பா!"

கத்தினேன். அவர் ஒரு கையை விட்டு எனக்கு ஆட்டிவிட்டு, உடனே திரும்பப் பலகையைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை போலிருக்கிறது. தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் ஓடிப் போய்க் கத்தலாம் என்றால் அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. எலும்பு வலிக்கிற அளவுக்கு இறுக்கியிருந்தாள். ஜாக்கெட்டை மாற்றிய கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்து, கையை உதறிக்கொள்ளப் பார்த்தேன்.