நாடகக் கேள்வி என்று நான் சிரித்தது

கிராம சபையில் தீர்மானத்தை எழுதி, படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். கூட்டத்தில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிற்பாடு ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவோம். அரூர் பக்கம் ஓர் ஊராட்சியில் நான் செயலராகச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். யாரும் கேட்டதில்லை.

அப்போது டிவியில் ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி ஊராட்சித் தலைவி. ஊழல் அதிகாரிகளை நடுச்சபையில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். நானும் விடாமல் பார்ப்பேன். என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டு என்று கேட்டு அவள் ஒரு செயலரைத் திணறடித்தபோது, நல்லா வேணும் என்று சொன்னவன் நான். அவன் என்னைப் போன்றவன்தான் என்று தோன்றவே இல்லை.

அடுத்த கிராம சபைக்கு, எப்போதும் வராத கடைசித் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் செல்வி, தோட்ட வேலைக்குப் போகிறவர். தீர்மானப் புத்தகத்தை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை.

"என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுக் காட்டுங்க சார். எங்க தெருவுக்குத் தண்ணி பைப்பு இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவோங்க."

சீரியலில் கேட்ட அதே கேள்வி. எழுதியிருந்தால்தானே படித்துக் காட்டுவதற்கு? நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, டிவியில பார்த்ததை இங்க வந்து நடிச்சுக் காட்றியா? டைரக்டர் வெளிய நிக்கிறாரா?"

கூட்டம் சிரித்தது. அவரோடு வந்த பெண்களும் சிரித்துவிட்டார்கள். செல்வி தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆபீஸில், எங்கள் ஊராட்சித் தலைவர் பைப் போடச் சொன்ன தெருக்களை மட்டும் தீர்மானத்தில் எழுதினேன். கடைசித் தெரு விட்டுப்போயிற்று. பைப் போடும் வேலை தொடங்கியதும் செல்வி ஆபீஸுக்கு வந்து கேட்டார். நான் புத்தகத்தைத் திருப்பி, ஒத்துக்கொண்டு நீதானே கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று காட்டினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "அன்னைக்கு இது வெறும் காயிதமா இருந்துச்சுங்களே சார்," என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் செயலர்களுக்குச் சொல்கிறேன். கேள்வியை எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று பார்க்காதீர்கள். பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதன் பிறகு ரிட்டையர் ஆகும்வரை ஒவ்வொரு தீர்மானத்தையும் எழுதி, உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். கடைசித் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை.