சாட்சிக்கு வைத்த மேசை

புது எண்ணெய் டின்னைத் திறந்து, ஒரு சொட்டை விரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், "இதுல என்னத்தையோ கலந்துருக்கான்" என்கிறார் லேத்துக்காரர். முப்பது வருஷமாக ஒரே கடை, ஒரே எண்ணெய், ஒரே சந்தேகம். கடையை மாற்றலாமே என்றால், "அடுத்தவன் இன்னும் மோசமா கலப்பான்" என்று பதில் வரும்.

தெருவில் அவருக்கு 'உளவுத்துறை' என்று பெயர். பட்டறையைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தரம் இழுப்பார். பாதித் தெரு போனவர் திரும்பி வந்து நான்காவது தரமும் இழுப்பார். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், "உங்க மிஷின் சரியா இருக்கா?" என்பார். வேலையில் மட்டும் மனிதரைக் குறை சொல்ல முடியாது. மயிரிழை பிசகினாலும் கடைந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடுவார். பட்டறையில் சோறு போட்ட இந்தப் புத்தி, வீட்டில்தான் வினையாகப் போனது.

ஒன்பது வருஷத்துக்கு முன் மாமனார் கண்ணை மூடியதும், அவருடைய பழைய லேத் மருமகனுக்கு வந்தது. அது நின்றிருந்த மேசையை மறுவாரம் மச்சான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். மனைவியின் ஒரே தம்பி. தையல்காரர், இரும்பு வேலை என்றால் ஊசியோடு சரி. வார்ப்பிரும்புக் கால்கள், மேலே கனத்த பலகை, எல்லாவற்றுக்கும் பளபளவென்று பச்சைப் பெயின்ட். பார்த்ததுமே நம் ஆளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. லேத்தின் அடியில் ஐந்து போல்ட், பலகையில் ஐந்து துளை. ஆனால் எப்படிச் சுற்றிப் போட்டாலும் ஒரு போல்ட் இறங்காமல் முட்டிக்கொண்டு நின்றது.

"அசலை வித்துட்டு வேற எதுக்கோ பெயின்ட் அடிச்சுக் கொண்டாந்திருக்கே" என்றார், முகத்துக்கு நேராக.

"அப்பா சத்தியமா அதேதான் மாமா."

"சத்தியத்துல போல்ட் இறங்காது."

அன்றைக்குச் செருப்பை மாட்டிய மச்சான் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அவருடைய மகள் கல்யாணத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. கூடப்பிறந்த அக்கா அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வராமல் அழுது தீர்த்தாள். லேத்துக்காரரோ மேசையைத் தூக்கிப் போடவும் இல்லை. "சாட்சிக்கு இருக்கட்டும்" என்று பட்டறை மூலையில் வைத்து அதன்மேல் டின்களை அடுக்கினார். என்ன மனுஷனோ!

போன மாதம், அந்த மேசைக்குப் பதிலாக லேத்தைத் தாங்கி வந்த ஆங்கிள் இரும்பு ஸ்டாண்டில் பற்றவைப்பு விட்டுப்போனது. இயந்திரம் ஆட்டம் கண்டது. கடைந்த தண்டெல்லாம் ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்து வந்தது. வேறு வழியில்லாமல் சாட்சியையே சீர் செய்ய உட்கார்ந்தார். கால்களின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, டீசலில் கழுவினார். புதுத் துளை போடலாம் என்று பலகையைக் கழற்றிப் புரட்டினார்.

அடிப்பக்கம் எண்ணெய் குடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. பித்தளைத் துணுக்குகள் மரத்துக்குள் புதைந்து மின்னின. லேத்தின் இரண்டு பாதமும் பல காலம் உட்கார்ந்த தடம் அப்படியே பதிந்து கிடந்தது. அளக்கவே வேண்டியதில்லை, ஆனாலும் அளந்தார். ஐந்தும் ஐந்தும் சரி. மாமாவுக்கு அழுக்கு மேசையைக் கொடுக்கக் கூடாதென்று, பாவம், தையல்காரர் சுத்தமான பக்கத்தை மேலே திருப்பி மாட்டிப் பெயின்டும் அடித்திருக்கிறார். புரட்டினால் துளைகள் இடம் வலமாகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவரோ, மச்சானைச் சந்தேகப்பட்ட அவசரத்தில் பலகையைச் சந்தேகப்பட மறந்துவிட்டார்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அந்தக் கறையைக் கையால் தடவினாள்.

"தப்பு என்னோடதுதான்" என்றார்.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? சொல்ல வேண்டியவன்கிட்ட சொல்லுங்க."

அக்கா கூப்பிட்டாள் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்தார். பட்டறைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றார். "இப்ப என்ன காணாமப் போச்சு?"

"ஒண்ணும் போகல மச்சான். நான் புரட்டிப் பாக்கல. மன்னிச்சுக்க."

மச்சான் பலகையைப் பார்த்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "அக்கா இல்லாம மகளுக்குக் கல்யாணம் பண்ணேன்" என்று மட்டும் சொன்னார்.

லேத்துக்காரர் பலகையின் ஒரு முனையைத் தூக்க, மச்சான் உள்ளே வந்து மறுமுனையைப் பிடித்தார். பலகையைச் சரியாகத் திருப்பி மாட்டினார்கள். லேத்தைச் செயின் புல்லியில் தூக்கி ஏற்றினார்கள். ஒரு பாதம் மட்டும் மயிரிழை தூக்கி நின்றது. அடியில் தகடு வைக்க வேண்டும். ஒருவர் கடப்பாரையால் நெம்பிப் பிடித்தால்தான் இன்னொருவர் கையை உள்ளே விட முடியும். பிடி நழுவினால் விரல் மிஞ்சாது. வழக்கமாக நெம்புகிறவர் லேத்துக்காரர்தான். உள்ளே போவது அடுத்தவர் விரல்.

கடப்பாரையை எடுத்து மச்சானிடம் நீட்டினார். மச்சான் நெம்பினார். லேத் லேசாக எழும்பியதும், நிமிர்ந்து மச்சான் முகத்தைப் பார்க்காமல், தகட்டோடு நான்கு விரலையும் அடியில் விட்டார்.