நெருக்கி நட்ட பருத்தி

என் அண்ணிக்கு ஊர் வைத்த பெயர் 'பஸ் ஸ்டாண்ட்'. போன வருஷம் எங்கள் மானாவாரி நிலத்தில் பருத்தியை அவள் அத்தனை நெருக்கமாக நட்டிருந்தாள். நெருக்கம் குற்றமில்லை, ரகம்தான் குற்றம். கிளை பரப்பும் நெட்டை ரகத்தைப் போய் அப்படி நட்டால் என்ன ஆகும்? செடிக்குச் செடி மல்லுக்கட்டி, நிழல் விழுந்து, மொட்டெல்லாம் கொட்டிப்போனது. இலை மட்டும் தளதளவென்று நின்றது. ஆடுகளுக்குக் கொண்டாட்டம்.

"இந்த வருஷமும் கைவிட்டுச்சுன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு டவுனுக்குப் போயிடலாம்," என்றான் அண்ணன். அங்கே அண்ணியின் தம்பி வேலை பார்க்கும் கிடங்கில் அவனுக்கும் ஓர் இடம் காத்திருந்தது. அண்ணிக்கோ அந்தப் பேச்சே வேப்பங்காய்.

இந்த முறை, பக்கக் கிளை அதிகம் விடாத, சீக்கிரம் காய்க்கிற குட்டை ரகமாகத் தேடி வாங்கினாள். "ஒரு செடி கொஞ்சமா காய்ச்சாப் போதும். ஆனா மழை நிக்கிறதுக்குள்ள காய் புடிச்சிடணும்," என்றாள். நெருக்கத்தை மட்டும் விடவில்லை. பிடிவாதக்காரி, எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

செடி முளைத்ததும் அண்ணனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவள் கடைக்குப் போயிருந்த நேரம், உதவி செய்வதாக நினைத்து, ஓரத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனான். காலங்காலமாக அப்படிக் கலைத்துவிட்டே பழகிய கை. திரும்பி வந்தவள், "அய்யோ, யாருங்க உங்களப் புடுங்கச் சொன்னது?" என்று போட்ட சத்தத்தில் நானே வீட்டுக்குள் ஓடிவிட்டேன். நல்லவேளை, நாலைந்து வரிசையோடு நின்றது.

இந்த வருஷம் மழை சீக்கிரமே கைகழுவிவிட்டது. பக்கத்து நிலங்களில் நெட்டைச் செடிகள் பச்சைக் காயோடு வாடி நின்றன. அண்ணியின் செடிகளோ அதற்குள் காய் முற்றி, மொத்தமாக வெடித்திருந்தன. நிலம் பஞ்சாய் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

பறிக்கும்போது அண்ணன் தான் கலைத்த வரிசைகளில் இறங்கினான். செடிக்கு ஒன்றிரண்டு காய் கூடுதல்தான். ஆனால் நடுவில் வெறும் மண். வரிசை முடிந்தும் அவன் மடி நிரம்பவில்லை. நாங்கள் பாதி வரிசையிலேயே மடியை அவிழ்த்துக் கொட்டினோம். அவன் எங்கள் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது அண்ணியின் தம்பி போனில் வந்தான். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருப்பான். அண்ணி குனிந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"கிடங்குக்கு வேற ஆளப் பாத்துக்கோ மாப்ள," என்றான் அண்ணன். "இங்க பருத்தி பறிக்கவே ஆள் பத்தல. லீவு கெடைச்சா நீயும் வந்துடு."