அக்கா போனது இருபத்தாறாம் தேதிதான்

கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு வாசகம் எழுதிய அன்று காலை, இரும்புலியூர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நாலு பேர். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர். அவர்கள் மகள் நித்யா. எங்கள் அப்பாவின் அண்ணனான பெரியப்பா; பேனா அவர் கையில்தான் இருந்தது. நாலாவது ஆள் நான், அக்காவுக்கு ஒரே தங்கை. ஐஸ் பெட்டிக்குள் அக்கா இருந்தார். அவரைச் சேர்க்காமல் நாலு.

அக்கா மறைந்தது அன்று விடிவதற்கு முன், நாலே முக்கால் மணிக்கு. தேதி இருபத்தாறு. பெரியப்பா எழுதியது இருபத்தைந்து.

"தாத்தா, தேதி தப்பா இருக்கு" என்றாள் நித்யா.

"தெரிஞ்சுதாம்மா எழுதிகினு கீறேன். சூரியன் வர்றதுக்கு மின்னாடி போனா நேத்து கணக்குதான், பெரியவங்க வச்ச முறை. இருபத்தாறு கூட்டுனா எட்டு. பொறந்ததும் எட்டு, போனதும் எட்டுன்னு தெருத்தெருவா ஒட்டணுமா? வூட்ல வயசுப் பொண்ணு கீது."

அந்த வயசுப் பொண்ணு பிறந்தது பதினேழாம் தேதி. அதைக் கூட்டினாலும் எட்டுதான். நித்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தாம்பரம் முழுக்க அக்கா ஒருநாள் முன்னாலேயே இறந்துவிட்டதாக ஒட்டினார்கள்.

இந்த முதலாண்டு நினைவு மலரின் அட்டையில் இருபத்தாறு என்று போட்டிருக்கிறது. போடச் சொன்னது நான். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெரியப்பாவும் இதைப் படிப்பார். இருந்தாலும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கீழ்க்கட்டளையில், ஓர் எட்டாம் தேதி. அந்த வாரமே, கொத்தனாரான அப்பா சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். சாரக் கயிறு இற்றுப்போயிருந்ததை யாரும் பேசவில்லை. பிறந்த குழந்தையைத்தான் பேசினார்கள். பிறகு வீட்டில் எது நடந்தாலும் எட்டுதான். அப்பாவால் சரியாக வேலைக்குப் போக முடியாமல் நான் எட்டாம் வகுப்போடு நின்றேன், அதுவும் எட்டின் கணக்கில் சேர்ந்தது. அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனபோது, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். "ரேஷன் கார்டுல எழுதினவரு ஏற்கனவே ரெண்டு எழுத்து கூட்டிட்டாரு. அதுக்கே ஒண்ணும் நடக்கலியே" என்றார் அக்கா.

நான் அப்படியில்லை. பஸ் டிக்கெட் எண்ணைக்கூடக் கூட்டிப் பார்ப்பேன். ஒருமுறை எட்டு வந்துவிட்டதென்று சேலையூரிலேயே இறங்கி வீடுவரை நடந்தேன். அக்கா என் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டிக்கெட் காசும் போச்சு, செருப்பும் தேஞ்சுது. கெட்ட நேரம் நம்பருக்கா, உனக்காடி?"

மாமாவுக்குக் கம்பெனி வேலை போன பிறகு, அக்கா வீட்டில் சமைத்து ஆபீசுகளுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு கையிலும் கூடையோடு பஸ் ஏறுவார். ஒருநாள்கூட ரசம் சிந்தியதாகக் கேள்விப்பட்டதில்லை. பல வருஷம் கழித்துத் தவணையில் ஸ்கூட்டி எடுத்தார். கூட நானும் போயிருந்தேன். "மேடம், உங்களுக்கு வந்திருக்கிற நம்பர் கூட்டினா எட்டு. கொஞ்சம் செலவு பண்ணா மாத்திடலாம்" என்றார் கடைக்காரர். நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். அக்கா கண்டுகொள்ளவில்லை. "யாருமே வேணாங்கிற நம்பரா? குடுங்க தம்பி. திருடன்கூட எடுக்க மாட்டான்" என்றார்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேயும், "நாளைக்குப் புளி ஊற வெச்சியாடி?" என்றுதான் கேட்டார்.

போன மாதம் இந்த மலரின் மாதிரிப் பக்கத்தைப் பார்க்க, நித்யாவும் நானும் கேம்ப் ரோடு அச்சகத்துக்குப் போனோம். அட்டையில் மறுபடியும் இருபத்தைந்து. நித்யா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சித்தி, அம்மா போன தேதியை மறைச்சாச்சு. நான் பொறந்த தேதியை எப்ப மறைக்கப் போறீங்க?"

பேனாவை வாங்கி இருபத்தைந்தை அடித்தேன். அடித்த வேகத்தில் அக்கா படத்தின் மேலும் ஒரு கோடு விழுந்துவிட்டது.

"பெரியவர் போன் பண்ணி இருபத்தஞ்சுன்னு சொன்னாரேம்மா" என்றார் அச்சகக்காரர்.

"அவர் சொன்னது போஸ்டருக்கு. இது எங்க அக்கா புஸ்தகம்."

எனக்குக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் பார்ப்பதென்றால் முழுசாகப் பார்க்க வேண்டும். சாப்பாடு கொடுக்க ஆரம்பித்த முதல்நாள் அக்கா கட்டிய கேரியர்கள் எட்டு. இரண்டு முறை கரு கலைந்த பிறகு, தங்கிய பிள்ளை பிறந்தது பதினேழில். எட்டு எண் வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒருநாளும் அவரைக் கீழே தள்ளவில்லை. அவர் போன பிறகு வாடிக்கையாளர்கள் கேரியர்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். காலிப் பாத்திரமாகத் தரக்கூடாதென்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அரிசி போட்டிருந்தார்கள். எண்ணினேன், இருபத்திரண்டு. கூட்டினால் நாலுதான். எட்டு வரவில்லை. வராததையும் எழுதத்தான் வேண்டும்.

பெரியப்பா கோபித்துக்கொள்வார். ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவர். அதை மறந்து எழுதவில்லை. முதல் பிரதியை அவர் கையில்தான் கொடுப்பேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். தேதி மாறாது.

மூன்று வேளையும் காபி கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், காசே வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்த ஆட்டோ அண்ணாவுக்கும், அரிசி போட்டுத் தந்த இருபத்திரண்டு பேருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ராசியில்லாத அந்த வண்டியை விற்றுவிட்டால் மீதித் தவணையைத் தானே கட்டுவதாகப் பெரியப்பா சொன்னார். நித்யா விற்கவில்லை. அதில்தான் வேலைக்குப் போகிறாள், அவளே கட்டுகிறாள். கூட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம்: இன்றைய தேதியில் பாக்கி பதினேழாயிரம் ரூபாய்.