நசீம் பானு வெட்டிய காகிதம்

நசீம் பானு எங்கள் மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. வேங்கிக்கால் பக்கம் அவரைத் தெரியாதவர் கம்மி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரைப் படுக்கவைத்து, காகிதம் மிஷினிலிருந்து பாதி வெளியே வரும்போதே "டாக்டர், அட்டாக்கு!" என்று குரல் கொடுப்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. மருந்துக்கடையில் அவருக்கு 'அரை டாக்டர்' என்றே பேர். முழு டாக்டரான நான் அதைக் கேட்டுச் சிரிப்பேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

எனக்குக் கோபம் ஜாஸ்தி. புது மிஷின் வாங்கிய வருடம், காகிதத்தின் மேல் ஓரத்தில் அது தானாக அச்சடிக்கும் எண்களைக் காட்டி நோயாளிகள் என்னைக் கேள்வி கேட்டே துளைத்தார்கள். "இந்த மிஷின் உளர்றத யாரும்மா கேட்டா? மேல் துண்ட வெட்டிட்டு ஃபைல்ல ஒட்டு," என்று நசீம் பானுவிடம் கத்தினேன். அன்றிலிருந்து வெட்டினார். எதையும் வீணாக்காத மனுஷி. வெட்டிய துண்டின் பின்பக்கம் ஃபைல் நம்பரை எழுதி, மறுநாள் ரிப்போர்ட் வாங்க வரும்போது காட்டச் சொல்லி அந்த நோயாளியிடமே கொடுத்துவிடுவார்.

போன ஆடிப் பௌர்ணமி அன்று அடி அண்ணாமலையிலிருந்து பொன்னி தன் மகள் கீர்த்தனாவை அழைத்து வந்தார். கல்லூரியில் படிக்கிற பெண். பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் மயங்கி விழுந்திருக்கிறாள். கிரிவலக் கூட்டத்தில் கார் மாட்டிக்கொண்டு நான் வர நேரமாகிவிட்டது. பொன்னிக்கோ கிரிவலப் பாதையில் டீக்கடை, பௌர்ணமி வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். நசீம் பானு ஈசிஜியைப் பார்த்தார். மாரடைப்பு இல்லை. "ஒண்ணுமில்லம்மா, நல்லாருக்குது. காலையில சாப்பிடாம ஓடியிருக்கும். கூட்டிட்டுப் போங்க," என்று நம்பர் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். ரிப்போர்ட் வாங்க யாரும் வரவில்லை. கையெழுத்துக்குக் காத்திருந்த ஃபைல்களை நானும் எட்டு நாள் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் கீர்த்தனாவின் காகிதத்தில் என் கை நின்றது. இதயத்தின் கீழறைகள் சுருங்கி, அடுத்த துடிப்புக்கு மறுபடி தயாராக எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குக் க்யூடி என்று பெயர். ஈசிஜிக் கோட்டில் க்யூ என்னும் சின்னப் பள்ளத்தில் தொடங்கி, டீ என்னும் மேடு இறங்கி முடியும் வரை காகிதத்தின் கட்டங்களை எண்ண வேண்டும். சாதாரண வேகத்தில் துடிக்கும்போது, இரண்டு துடிப்புக்கு நடுவே பாதி தூரம் போவதற்குள் அந்த மேடு இறங்கிவிட வேண்டும். இவளுக்குப் பாதியைத் தாண்டியிருந்தது. எண்ணினேன், பதின்மூன்று சின்னக் கட்டம். கட்டத்துக்கு நாற்பது மில்லி செகண்ட், மொத்தம் ஐந்நூற்று இருபது. ஐந்நூறைத் தாண்டினாலே ஆபத்து. தயாராகாத இதயத்தில் அடுத்த துடிப்பு வந்து விழுந்தால் தாளம் குலைந்து நின்றே போகலாம். அதற்கு ஒரு ஓட்டம் போதும், சில சாதாரண மாத்திரைகள்கூடப் போதும்.

"மேல இருந்த நம்பரு எங்கம்மா? உனக்குக் கண்ணு இல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

'நீங்கதான டாக்டர் வெட்டச் சொன்னீங்க' என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போய் இருவரையும் கையோடு அழைத்து வந்தார்.

மறுபடி எடுத்த ஈசிஜியிலும் அதேதான். நான் விளக்கி முடித்ததும் பொன்னி இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் திறந்து பழைய சீட்டை எடுத்து நீட்டினார். நசீம் பானுவின் எழுத்தில் 27 என்று இருந்தது. திருப்பினேன். க்யூடிசி 524, துடிப்பின் வேகத்துக்கு ஏற்ப மிஷினே சரிசெய்து அச்சடித்த க்யூடி. எட்டு நாளாக அந்த எண் பெற்ற தாயின் இடுப்பிலேயே இருந்திருக்கிறது.

"அப்ப அன்னிக்கே தெரிஞ்சுதாங்க?" என்றார் பொன்னி.

"மிஷின் எழுதியிருக்குதும்மா. நான்தான் வெட்டிட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னதும் நான்தான்," என்றார் நசீம் பானு.

பொன்னி மகளின் கன்னத்தைத் தொட்டார். "முந்தாநேத்து இவ தண்ணிக்கொடத்தோட விழுந்துட்டா டாக்டர். ஆஸ்பத்திரியிலயே ஒண்ணுமில்லன்னுட்டாங்க, நடிக்கிறியாடின்னு இந்தக் கன்னத்துலதான் அறைஞ்சேன்."

நசீம் பானு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். வெட்டச் சொன்னது நான். மூன்றே சொல். வாய்வரை வந்தது. தலையைக் குனிந்துகொண்டு சென்னை மருத்துவமனைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். சொல்லவில்லை.

கீர்த்தனா இப்போது மாத்திரையோடு நன்றாக இருக்கிறாள். கல்லூரிக்கும் போகிறாள். போன வாரம் பொன்னி ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு வந்தார்.

"இது டாக்டருக்கு மட்டுந்தான். எம் பொண்ணக் காப்பாத்துனது நீங்க," என்றார், நசீம் பானுவின் காதில் விழும்படி.

ஸ்கேல் வைத்து யாருடைய காகிதத்திலோ கட்டம் எண்ணிக்கொண்டிருந்த நசீம் பானு நிமிரவில்லை. நான் இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டேன்.